பத்தொன்பதாவது கேள்வி

மார்ச் 9, திங்கள்.
நேற்று ஒரு தவறு செய்தேன். வீட்டு விற்பனைப் படிவத்தில் பத்தொன்பதாவது கேள்விக்கு மட்டும் பென்சில் வைக்காமல் நேராகப் பேனாவால் "இல்லை" என்று எழுதிவிட்டேன். சின்னத் தவறுதான். பதிலும் தவறா என்று இன்னும் தெரியவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு அவள் டைரியை மூடினாள். மூடிய பிறகும் கை அதன் மேலேயே இருந்தது.

பத்திரம் எழுதும் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் பிடித்துக்கொண்ட பழக்கம் அந்தப் பென்சில். எந்தப் படிவமானாலும் முதலில் பென்சிலால்தான் நிரப்புவாள். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு கேள்விக்குக் கொஞ்சம் இழுத்தால் போதும், ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பாள். கடைசியில் புள்ளி வைத்தவற்றை மட்டும் மறுபடி கேட்பாள். இரண்டு தடவையும் ஒரே பதில் வந்தால்தான் பேனா. அவசரத்தில் வந்தவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அலுவலகத்தில் அவளுக்குப் 'புள்ளி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "புள்ளிகிட்ட குடுங்க, அவ ரெண்டு வாட்டி கேப்பா, கோவிச்சுக்காதீங்க" என்று முதலாளியே வந்தவர்களைத் தயார்படுத்தி அனுப்புவார்.

அப்படிப்பட்டவள் சொந்த வீட்டுப் படிவத்தில் கோட்டை விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நாற்பது கேள்விகள். ஆரம்பத்தில் எல்லாம் கலகலப்பாகத்தான் போனது. சுவரில் விரிசல் உண்டா என்ற கேள்வி வந்ததும் அம்மா அப்பாவைப் பார்த்து, "காலண்டரத் தூக்கிக் காட்டுங்க" என்றாள். இரண்டு வருடமாக அந்த விரிசலை மறைக்கவே அப்பா காலண்டரை அந்த இடத்தில் மாட்டியிருந்தார். அவர் அசடு வழிந்துகொண்டு அதையும் சொன்னார். பின்கதவில் கரையான் வந்தது, மழைக்காலத்தில் தண்ணீர் மோட்டார் முனகுவது, மாடிப்படியில் மூன்றாவது படி ஆடுவது, எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் போட்டி போட்டுக்கொண்டு ஒப்புவித்தார்கள். இவ்வளவு நேர்மையாக வீடு விற்பவர்களை அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு பத்தொன்பது. அவள் வாய்விட்டுப் படித்தாள். அக்கம்பக்கத்தில், குடியிருப்போரின் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடியதாக உங்களுக்குத் தெரிந்தது ஏதேனும் உண்டா?

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "இல்லன்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போ" என்றாள். இவளும் போட்டாள். வேறு யாராவது நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்திருந்தால் இரண்டு புள்ளி வைத்திருப்பாள்.

அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட, திங்கள் காலையில் தரகர் வந்து படிவத்தை வாங்கிக்கொண்டு போனார். வீட்டை வாங்க இருப்பவர் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண். சனிக்கிழமை பதிவு என்று நாள் குறித்தாயிற்று.

அந்தத் தெருவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் இறங்கினால் இடது கைப்பக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்கின் நீளச் சுவர். வலது பக்கம் வடிகால். சுவர் முடிகிற இடத்தில் பாதை வளையும். வளைவுக்கு அப்பால்தான் பதினோரு வீடுகளும். நிறுத்தத்திலிருந்து வளைவு வரை இருநூற்றுப் பன்னிரண்டு அடி எடுத்து வைக்க வேண்டும் என்று அவள் எண்ணி எழுதி வைத்திருந்தாள். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு அடியும் எந்த வீட்டு ஜன்னலுக்கும் தெரியாது.

ஒன்றரை வருடம் முன்னால் அங்கேதான் ஆறாம் வீட்டுத் தையல்காரம்மாவின் பையைப் பிடுங்கினார்கள். விடாமல் பிடித்ததற்குக் கையை முறித்துவிட்டுப் போனார்கள். அதற்கு முந்தின மாதம் இரண்டு பெண்களைப் பின்தொடர்ந்து வந்ததும் அவர்கள்தானா என்று தெரியாது. போலீஸ் இரண்டு தடவை வந்து பார்த்தது. யாரும் பிடிபடவில்லை. அதன்பிறகு பதினோரு வீடும் சேர்ந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டன. இருட்டிய பிறகு பேருந்தை விட்டு இறங்கும் பெண் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அடித்தவுடன் நின்றுவிடும், யாரும் எடுக்க மாட்டார்கள். வீட்டிலிருந்து ஒருவர் டார்ச்சோடு வளைவுக்கு வந்து நிற்பார். இறங்கியவள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். நாளடைவில் அது செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே வருவதுபோல் ஆகிவிட்டது. அது எதனால் வந்த வழக்கம் என்று யாரும் நினைப்பதில்லை.

அவளுக்காக வருபவர் அப்பா. தண்ணீர் வாரியத்தின் பம்பு அறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். "எனக்கு மிச்சம் இருக்கிற ஒரே உத்தியோகம் இதுதான். லீவு கிடையாது, போனஸும் கிடையாது" என்பார். ஆனால் முழங்கால் இரண்டும் கைவிட்டு வந்தன. போன மழைக்காலத்தில் வளைவில் வழுக்கி விழுந்ததற்குப் பிறகுதான் வீட்டை விற்றுவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு அடுக்குமாடியில் போய் இருக்கலாம் என்ற பேச்சே எழுந்தது. படிவத்தில் விற்பதற்கான காரணம் என்ற இடத்தில் 'குடும்ப வசதி' என்று எழுதியிருந்தார்கள். பொய் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை, வேலை முடிந்து அவள் போய்ப் படிக்கும் சொத்துச் சட்ட வகுப்பில், வேண்டுமென்றே வந்ததுபோல், விற்பவரின் கடமைகள் என்ற பாடம் வந்தது. பாடம் எடுத்த பெண்ணுக்குச் சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேகமாகச் சொல்லிக்கொண்டு போனாள். விற்பவர் ஊர்க்கதையெல்லாம் தேடிப்பிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எழுத்தில் கேட்ட கேள்விக்குத் தெரிந்ததை மறைத்துப் பதில் சொல்லக் கூடாது. பின்னால் தெரியவந்தால் விற்றவர்தான் பொறுப்பு. கடைசி வரிசையில் ஒருவன், பக்கத்து வீட்டுக்காரன் குறட்டை விட்டால் அதையும் எழுத வேண்டுமா என்று கேட்க, வகுப்பே சிரித்தது. பாடம் எடுத்தவளும் லேசாகச் சிரித்துவிட்டு, அதனால நீங்க படுக்கிற ரூமை மாத்தியிருந்தா எழுதுங்க என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

மற்றவர்களும் பக்கத்தைப் புரட்டினார்கள். புள்ளி மட்டும் தன் நோட்டில் அந்த வரிக்கு ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

அன்று மாலையும் இறங்கியவுடன் விரல் தானாகவே வீட்டு எண்ணை அழுத்தியது. வளைவில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. அவளுக்கே தன் மேல் சந்தேகம். ஒன்றரை வருடமாக ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத தெருவை ஆபத்தான தெரு என்று எழுதினால் அதுவும் தவறான பதில்தானே? வீட்டுக்கு வந்து டைரிகளைப் புரட்டினாள். அந்த ஒன்றரை வருடத்தில் இருட்டிய பிறகு அவள் தனியாக அந்தச் சுவரோரம் நடந்த நாள் ஒன்றாவது இருக்குமா என்று தேடினாள். இல்லை.

புதன் காலை, கடை திறக்கும் முன்பாக, மருந்துக்கடைக்காரம்மா ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அளவெடுக்க வந்தார். கூடத் தரகர். கூடவே பன்னிரண்டு வயதிருக்கும் மகள். அந்தப் பெண் தான் படுக்கப்போகும் அறையைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டு, இஞ்சு டேப்பைப் பிடித்து அளவுகளைக் கத்திச் சொல்ல, தாய் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். வீட்டில் தானும் மகளும் மட்டும்தான் என்று அம்மாவிடம் சொன்னார். இப்போதிருக்கும் வாடகை வீட்டில் பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது, இங்கே இவள் சத்தம் போட்டுப் படிக்கலாம் என்று சந்தோஷப்பட்டார். போகிற சமயத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"கடைய மூடிட்டு வர ஏழு ஏழரை ஆயிடும் அக்கா. இவளுக்கும் டியூஷன் முடிய அந்த நேரந்தான். பஸ் ஸ்டாப்புலேர்ந்து நடந்து வர்றதுக்கு ஒண்ணும் பயமில்லியே?"

அம்மாவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "எங்க பொண்ணு தினமும் ஏழரைக்குத்தான் வரா. அவளையே கேளுங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த சிறுமியும் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "தினமும் வர்றேன்."

மருந்துக்கடைக்காரம்மா நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனார். பேசியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அவளைத் தின்றது.

வாசலில் தரகர் ஸ்கூட்டரை எடுக்கும்போது பின்னாலேயே போய் நின்றாள். படிவத்தில் ஒரு பதிலைத் திருத்தலாமா என்று கேட்டாள். எந்தப் பதில் என்று அவர் கேட்கவே இல்லை. இருபது வருடமாக வீடு விற்றுக் கொடுப்பவருக்கு வளைவில் வரும்போதே விஷயம் மூக்கில் வியர்த்திருக்கும்.

"தங்கச்சி, பொய் சொல்லுன்னு நான் என்னிக்காவது சொன்னேனா? நடந்தது பழைய கதை. நீ அதை எழுதுனா அந்த அம்மா ஓடிடும். அவங்க மட்டுமில்ல, இன்னொருத்தரும் வர மாட்டாங்க. அப்பா காலை நினைச்சுப் பாரு." வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்பிச் சொன்னார். "படிச்ச பொண்ணு. படிச்சத பரீட்சைல எழுது."

அந்தக் கடைசிப் பேச்சுக்கு அவள் அன்று முழுவதும் மனதுக்குள் பதில் தயாரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பிரயோஜனப்படவில்லை. ஏனென்றால் அப்பாவின் கால் உண்மை. அடுக்குமாடிக்காரர் மாதக் கடைசி வரைதான் காத்திருப்பேன் என்று சொன்னதும் உண்மை. மருந்துக்கடைக்காரம்மா போய்விட்டால் இன்னும் எத்தனை மழைக்காலம் அப்பா அந்த வளைவுக்கு நடப்பார்?

வியாழக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தாள். முறையாகச் சோதித்துப் பார்த்துவிடலாம். மிஸ்டு கால் கொடுக்காமல் நடந்து பார்ப்பது. ஒன்றுமில்லாமல் வீடு போய்ச் சேர்ந்தால் தெரு நல்ல தெரு, பதில் சரி, மனக்குடைச்சல் தன்னுடையது.

ஏழரைக்கு இறங்கினாள். போனைப் பைக்குள் அடியில் போட்டு ஜிப்பை இழுத்தாள். விளக்குக் கம்பத்தில் பல்பு எரிந்தது. சுவரோரம் ஒரு நாய் படுத்திருந்தது, அதுவும் தெரிந்த நாய்தான். ஆள் நடமாட்டமே இல்லை. அவள் எண்ணிக்கொண்டே நடந்தாள். இருபத்தாறு வரை வந்தாள். இருபத்தேழாவது அடிக்குக் கால் எழவில்லை. வளைவில் வெளிச்சம் இல்லாத அந்தப் பாதையை அவள் ஒன்றரை வருடமாக இருட்டில் பார்த்ததே இல்லை. சுவர் வேறு ஏதோ சுவர் மாதிரி இருந்தது. திரும்பி நிறுத்தத்துக்கே வந்து, பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு பேருந்து வந்து போனது. மறுபடி எழுந்தாள், இந்த முறை பத்தொன்பது அடி. இன்னொரு பேருந்தும் வந்து போனது. ஓட்டுநர் இவள் ஏறுவாளா என்று பார்த்துவிட்டுக் கதவை மூடினார்.

எட்டு மணி ஆகப்போகும்போது சுவரோரம் டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. அப்பா. வளைவில் நிற்காமல், ஊன்றுகோலோடு, நிறுத்தம் வரைக்கும். அவர் இந்தப் பக்கம் நடந்து பல மாதம் ஆகியிருந்தது. மூச்சு வாங்க, பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

"மணி அடிக்கலியே?"

"அடிக்கலப்பா. தனியா வந்து பாக்கலாம்னு."

"வந்தியா?"

"இல்ல."

அப்பா டார்ச்சை அணைத்தார். பேட்டரி வீணாவது அவருக்குப் பிடிக்காது.

"யாராவது நின்னாங்களா?"

"ஒருத்தரும் இல்லப்பா. நாய்தான்."

"அப்புறம் ஏன் வரல?"

அவள் சுவர்ப் பக்கம் பார்த்தபடி, "அந்தம்மாவுக்கு யாருப்பா வருவாங்க? அந்தப் பொண்ணு தனியா வர்ற அன்னிக்கு?" என்றாள்.

"நான் வருவேன்னு பத்திரத்துல ஒரு வரி சேத்துரு" என்றார் அப்பா. அவரே சிரிக்கவில்லை. பிறகு, "ஞாயித்துக்கிழமை நீ அதப் படிச்சப்போ எனக்குத் தெரியும்மா. உங்கம்மாவுக்கும் தெரியும். யாரு முதல்ல சொல்றதுன்னு பாத்துட்டிருந்தோம். நீ எழுதிட்ட, அப்பாடான்னு இருந்துச்சு" என்றார்.

எழுந்திருக்க அவருக்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது. திரும்பி நடக்கும்போது யார் யாரை அழைத்துப் போகிறார்கள் என்று சொல்ல முடியாதபடி போனார்கள். நடுவில் மூன்று முறை நின்றார்கள்.

வீட்டில் அம்மா வாசற்படியிலேயே நின்றிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முதலில் மகளைத்தான் வறுத்தெடுத்தாள். எட்டு மணி வரை ரோட்டில் உட்கார்ந்து சோதனை செய்கிற புத்திசாலியைப் பெற்றதற்குத் தன்னையே நொந்துகொண்டாள். படிவத்தைத் திருத்தப் போகிறோம் என்று அப்பா சொன்னபோது குரல் இறங்கிவிட்டது.

"வேணாம்னு போயிட்டாங்கன்னா?"

"போகட்டும்."

"உங்க காலு?"

"என் காலுக்காக அவங்க பொண்ண அங்க நடக்க விடச் சொல்றியா?"

அம்மா சமையலறைக்குள் போனாள். பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. அப்பா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். அவள் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த வெற்றுப் படிவத்தை மேசையில் விரித்து, பென்சிலைச் சீவினாள். நாற்பதில் முப்பத்தொன்பதைப் பழையபடியே எழுதினாள். பத்தொன்பதுக்கு 'ஆம்' என்று எழுதி, விவரம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல், "கிடங்குச் சுவர் அருகே முன்பு சில சம்பவங்கள் நடந்துள்ளன" என்று வாய்விட்டுப் படித்தாள்.

சமையலறையில் குழாய் நின்றது.

"சில சம்பவம்னா என்னடி? மாடு முட்டுச்சா?" அம்மா ஈரக்கையோடு சமையலறைக் கதவருகே வந்து நின்றாள். "எழுதறதுன்னு ஆச்சு, ஒழுங்கா எழுது. தையக்காரம்மா கைய ஒடச்சாங்கன்னு எழுது. பிடிபடலன்னு எழுது. நாம மணி அடிச்சிட்டுதான் வர்றோம்னு எழுது, ஒரு நாள் கூடத் தனியா வந்ததில்லன்னு எழுது. நேத்து நான் அந்தம்மா கிட்ட சொன்னது முழுசா இல்ல. அதையும் எழுதணும்னா எழுதிக்கோ."

அதற்குப் படிவத்தில் இடம் இல்லை என்று அவள் சொன்னாள்.

"அப்ப நீ போய்ச் சொல்லு" என்றாள் அம்மா.

மற்றதையெல்லாம் எழுதினாள். கொடுக்கப்பட்ட இடத்தில் அடங்காமல் ஓரத்தில் ஏறி, தாளின் பின்பக்கம் வரை போனது. தையல்காரம்மாவின் சம்மதம் இல்லாமல் அவரைச் சொல்லலாமா என்று ஒரு சந்தேகம் வந்தது. அப்பா உடனே ஆறாம் வீட்டுக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு, எழுதச் சொல்லிட்டா, எந்தக் கைன்னும் போடச் சொல்றா என்றார். இடது கை என்று சேர்த்தாள். இரண்டாம் முறை எல்லாவற்றையும் படித்துக் கேட்டாள். இரண்டு பேரும் அதே பதில்களைச் சொன்னார்கள். பேனாவால் எழுதி முடித்து, முதலில் அப்பாவிடம் நீட்டினாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கையெழுத்துப் போடும் முன் ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு போட்டாள்.

மார்ச் 12, வியாழன்.
புதன்கிழமை நான் சொன்ன "ஆமா, தினமும் வர்றேன்" என்பது பாதிப் பதில். அதைத் திருத்தப் படிவத்தில் இடமில்லை. அந்தம்மா விலகிக்கொண்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அப்பாவுக்கு முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டேன். வீக்கம் இருக்கிறது.
நாளை: அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்ல வேண்டும். படிவத்தை இரண்டு நகல் எடுக்க வேண்டும், ஒன்று தரகருக்கு. ஒன்பது மணிக்கு மருந்துக்கடை திறக்கும்போதே போய், அந்தம்மாவின் கையிலேயே கொடுத்து, பின்பக்கமும் இருக்கிறது என்று சொல்லி, அவர் படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.